ஆஃப்டர்மார்க்கெட் ஈசியூவில் த்ராட்டில் பொசிஷன் சென்சார் கோளாறைக் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

தயாரிப்பு நிறுவனம் பொருத்தி அனுப்பிய ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) த்ராட்டில் பொசிஷன் சென்சார், அதாவது எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார், கெட்டுப்போனால் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேனரைச் செருகினால் பிழைக் குறியீடு வரும். மெகாஸ்குவர்ட், ஸ்பீடூயினோ போன்ற ஆஃப்டர்மார்க்கெட் ஈசியூக்களைப் பொருத்திய வண்டியில் அந்த உதவியை அதிகம் எதிர்பார்க்க முடியாது. வயரை இழுத்ததும் கேலிபரேஷன் (மூடிய நிலை எது, முழுத் திறப்பு எது என்று ஈசியூவில் பதிதல்) செய்ததும் நாமே; ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எவ்வளவு பெட்ரோல் கூட வேண்டும் என்ற கணக்கை நிரப்பியதும் நாமே. ஆகவே சென்சார் நன்றாக இருந்தும் திரையில் தவறான அளவு தெரியலாம். திரையில் அளவு சரியாக இருந்தும் எஞ்சின் திணறலாம். இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது புதிய சென்சார் ஒன்றை வாங்கிப் பொருத்துவது. என் அனுபவத்தில் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை அது.

த்ராட்டில் தகட்டின் அசைவு சென்சாரின் தண்டைத் திருப்புகிறது. தண்டு வோல்ட்டை மாற்றுகிறது. வோல்ட் வயர் வழியாக ஈசியூவுக்குப் போகிறது. ஈசியூ அதை ஓர் எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்ணைக் கேலிபரேஷன் சதவீதமாக்குகிறது. திரையில் நாம் பார்க்கும் சதவீதம் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதை மட்டும் பார்த்துக்கொண்டு பழுது தேடுவது வீண். வோல்ட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

சென்சார் வேலை செய்யும் விதம்

கேபிளால் இயங்கும் த்ராட்டில்களில் பெரும்பாலும் இருப்பது மூன்று பின்கள் கொண்ட பொட்டென்ஷியோமீட்டர். ரெசிஸ்டன்ஸ் தடம் ஒன்றின் ஒரு முனைக்கு ஈசியூ 5 வோல்ட் கொடுக்கிறது. மறுமுனை சென்சார் எர்த்துக்குப் போகிறது. தடத்தின் மேல் வழுக்கி நகரும் தொடுமுனையிலிருந்து சிக்னல் வருகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போது ஏறத்தாழ 0.5 வோல்ட், முழுதாகத் திறந்திருக்கும்போது ஏறத்தாழ 4.5 வோல்ட் என்பது வழக்கமான வரம்பு. இரு முனைகளிலும் அரை வோல்ட் காலியாக விடப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: சிக்னல் 0 வோல்ட்டையோ 5 வோல்ட்டையோ தொட்டால், அது த்ராட்டிலின் நிலை அன்று, வயர் அறுந்ததன் அல்லது ஷார்ட் ஆனதன் அடையாளம் என்று பிரித்தறியலாம்.

வோல்ட்டை எண்ணாக்கும் மாற்றி (ஏடிசி) 10 பிட்டாக உள்ள ஈசியூவில் 0 முதல் 5 வோல்ட் வரையிலான அளவு 0 முதல் 1023 வரையிலான எண்ணாக மாறுகிறது. 0.5 வோல்ட் என்றால் 102, 4.5 வோல்ட் என்றால் 921. இடையில் உள்ளவை சுமார் 819 எண்கள். ஒரு சதவீதத்துக்கு எட்டு எண்கள், வோல்ட்டில் சொன்னால் 40 மில்லிவோல்ட். இந்த 40 மில்லிவோல்ட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை தேவைப்படும்.

வேலையைத் தொடங்கும் முன் உங்களிடம் இருப்பது உண்மையிலேயே சென்சார்தானா என்று பார்த்துவிடுங்கள். பழைய எஞ்சின்கள் பலவற்றில் அதே இடத்தில் அதே தோற்றத்தில் வெறும் த்ராட்டில் சுவிட்சுதான் இருக்கும். அதற்கு ஐடிலில் ஒரு தொடர்பு, முழுத் திறப்பில் ஒரு தொடர்பு, அவ்வளவுதான். தகட்டை மெதுவாகத் திருப்பும்போது ‘டிக்’ என்ற ஒலி கேட்கும். இடைப்பட்ட நிலைகளை அது சொல்லாது என்பதால், எவ்வளவு கேலிபரேஷன் செய்தாலும் பயன் இல்லை. அதை மாற்றியே ஆக வேண்டும். நான்கு பின் உள்ளவற்றில் பொட்டென்ஷியோமீட்டரும் ஐடில் சுவிட்சும் சேர்ந்திருக்கலாம். டொயோட்டாவின் பழைய சென்சார்களில் விசி என்பது 5 வோல்ட், விடிஏ என்பது சிக்னல், இ2 என்பது எர்த், ஐடிஎல் என்பது ஐடில் சுவிட்ச்.

முதல் படி: மூல எண்ணைப் பார்த்தல்

எஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, லேப்டாப்பை இணைத்து, த்ராட்டில் சதவீதத்தோடு அதன் மூல ஏடிசி எண்ணையும் திரையில் கொண்டுவாருங்கள். சில மென்பொருள்கள் கேலிபரேஷன் எல்லைக்கு வெளியே போன அளவை 0 என்றோ 100 என்றோ வெட்டிக் காட்டும். அப்போது சதவீதம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் சிக்னல் எங்கோ அலைந்துகொண்டிருக்கும். மூல எண் அப்படி ஏமாற்றாது.

இப்போது ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தி விடுங்கள். எண் ஏறி இறங்கினால் சங்கிலி முழுவதும் குறைந்தபட்ச உயிரோடு இருக்கிறது. ஐந்தாம் படிக்குப் போகலாம். 1023 அருகிலேயே அசையாமல் நின்றால் எர்த் வயர் அறுந்திருக்க வாய்ப்பு மிகுதி. எர்த் இல்லாதபோது தொடுமுனை எங்கே இருந்தாலும் 5 வோல்ட்டையே பார்க்கும். 0 அருகில் நின்றால் 5 வோல்ட் வயர் அறுந்திருக்கலாம், அல்லது சிக்னல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். நீங்கள் எதையும் தொடாதபோதே எண் தானாக அலைந்தால் சிக்னல் வயர் எங்கோ துண்டிக்கப்பட்டு, ஈசியூவின் உள்ளீடு அந்தரத்தில் தொங்குகிறது என்று பொருள் கொள்ளலாம். அந்த உள்ளீட்டை எர்த்தோடு இணைக்கும் ரெசிஸ்டர் உள்ள ஈசியூக்களில் இதே பழுது வெறும் 0 ஆகத் தெரியும்.

1023இல் நிற்கும் சென்சார் எஞ்சினைக் கிளப்ப விடாமலும் செய்யும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது த்ராட்டில் முழுதாகத் திறந்திருப்பதாகத் தெரிந்தால், பெட்ரோல் அதிகமாகி நனைந்த எஞ்சினை உலர்த்துகிறார்கள் என்று கருதி ஈசியூ இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். பம்ப் ஓடுகிறது, ஸ்பார்க் வருகிறது, ஆனால் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உலர்ந்திருக்கிறது என்றால் த்ராட்டில் எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓர் எர்த் வயருக்காக இன்ஜெக்டர்களையே கழற்றிச் சுத்தம் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாம் படி: கனெக்டரைக் கழற்றி 5 வோல்ட்டை அளத்தல்

சாவியை அணைத்து, சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, மீண்டும் சாவியைப் போடுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்து, வயர் பக்கக் கனெக்டரின் 5 வோல்ட் பின்னை அளக்க வேண்டும். 4.9 முதல் 5.1 வரை இருந்தால் நல்லது. அடுத்து, கறுப்பு முனையைக் கனெக்டரின் எர்த் பின்னுக்கு மாற்றி மீண்டும் அளக்க வேண்டும். பேட்டரியோடு பார்த்தால் 5 வோல்ட், எர்த் பின்னோடு பார்த்தால் ஒன்றுமில்லை என்றால், அறுந்தது எர்த் வயர். வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம்.

5 வோல்ட்டே வரவில்லை என்றால், அதே வயரைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். வெளியே பொருத்திய மேப் (இன்டேக் அழுத்தத்தை அளக்கும்) சென்சாரோ ஆயில் பிரஷர் சென்சாரோ உள்ளே ஷார்ட் ஆகி மொத்த 5 வோல்ட்டையும் கீழே இழுத்திருக்கலாம். சில ஈசியூக்களில் சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட்டும் உள்ளே உள்ள சிப்புக்குப் போகும் 5 வோல்ட்டும் ஒரே ரெகுலேட்டரிலிருந்து வருகின்றன. அவற்றில் இந்த வயர் பாடியைத் தொட்டால் ஈசியூவே ரீசெட் ஆகும். லேப்டாப் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் கேபிளைக் குறை சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சங்கிலியை நடுவில் வெட்டுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனையை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். சென்சார் கழற்றப்பட்ட நிலையில், வயர் பக்கக் கனெக்டரின் சிக்னல் பின்னையும் எர்த் பின்னையும் சிறு வயரால் இணைத்தால் திரையில் மூல எண் 0 ஆக வேண்டும். பிறகு சிக்னல் பின்னை 5 வோல்ட் பின்னோடு இணைத்தால் 1023ஐ ஒட்டி வர வேண்டும். இரண்டும் வந்தால் வயரும் ஈசியூவும் நன்றாக இருக்கின்றன. பழுது கனெக்டர் பின்களிலோ சென்சாரிலோ அதற்கும் அப்பால் த்ராட்டிலிலோதான் இருக்கிறது. வராவிட்டால் சென்சாரைத் தொடவே தேவையில்லை.

வெறும் வயருக்குப் பதிலாக நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். பின் மாறி 5 வோல்ட்டையும் எர்த்தையும் தவறுதலாக இணைத்துவிட்டாலும் 5 மில்லியாம்பியருக்கு மேல் ஓடாது. கனெக்டர் பின்களுக்குள் தடித்த மல்டிமீட்டர் முனையைத் திணிக்காதீர்கள்; விரிந்த பின் பிறகு இறுகிப் பிடிக்காது, இல்லாத பழுதை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். வயர் நுழையும் பின்பக்கமாக மெல்லிய குண்டூசியை வயரோடு ஒட்டிச் செருகி அதில் அளப்பது பாதுகாப்பானது.

நான்காம் படி: பின்களை அடையாளம் காணுதல்

வேறொரு எஞ்சினிலிருந்து எடுத்த த்ராட்டில் பாடி என்றால், வயர்களின் நிறத்தை நம்பாமல் ஓம் மீட்டரை நம்புங்கள். கனெக்டர் கழன்ற நிலையில் சென்சாரின் மூன்று பின்களை இரண்டிரண்டாக அளந்தபடி தகட்டைத் திருப்பினால், ஒரு ஜோடியில் மட்டும் அளவு மாறாமல் நிற்கும். அவை தடத்தின் இரு முனைகள். பெரும்பாலும் இது 1 முதல் 10 கிலோ ஓம் வரை இருக்கும். எஞ்சிய பின் சிக்னல். தகடு மூடியிருக்கும்போது சிக்னல் பின்னோடு குறைந்த ஓம் காட்டும் முனையை எர்த்துக்கும், மற்றதை 5 வோல்ட்டுக்கும் இணைக்க வேண்டும்.

எந்த வயர் மாறினால் என்ன ஆகும் என்பதை அறிந்துவைப்பது நல்லது. 5 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறினால் அளவு தலைகீழாகும், வேறு கெடுதல் இல்லை. கேலிபரேஷனில் அதைத் தலைகீழாகவே பதிவுசெய்து ஓட்டுவோரும் உண்டு; வயரை மாற்றிப் போடுவதே ஒழுங்கு. சிக்னலும் 5 வோல்ட்டும் மாறினால் நிலைமை வேறு. 5 வோல்ட் இப்போது நகரும் தொடுமுனைக்குப் போகிறது. தகடு மூடியிருக்கும்போது தொடுமுனை எர்த் முனைக்கு அருகில் நிற்கிறது. இடையில் மிகச் சிறிய தடமே இருப்பதால் மின்சாரம் அதில் பாய்ந்து தடத்தைச் சுட்டுவிடும். திரையிலோ எண் உச்சத்திலேயே நிற்கும். சிக்னலும் எர்த்தும் மாறினால் இதே விபத்து முழுத் திறப்பில் நடக்கும்; எண் 0இலேயே நிற்கும். இவ்வாறு சில விநாடிகள் இருந்த சென்சாரை, வயரைச் சரிசெய்த பிறகும் முழுதாக நம்ப வேண்டாம். அடுத்த படியில் அந்த முனையைக் கூர்ந்து பாருங்கள்.

ஐந்தாம் படி: தடத்தின் தேய்மானம்

கனெக்டரை மாட்டி, லேப்டாப்பில் லாக் (அளவுகளின் தொடர் பதிவு) எடுக்கத் தொடங்கி, தகட்டை மூடிய நிலையிலிருந்து முழுத் திறப்பு வரை பத்து விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். அதே வேகத்தில் மூடுங்கள். லாக்கில் கோடு வழுவழுப்பாக ஏறி இறங்க வேண்டும். சட்டென்று கீழே விழுந்து எழும் கூர்முனை தென்பட்டால், அந்த இடத்தில் தடம் தேய்ந்து தொடுமுனை ஒரு கணம் தொடர்பை இழக்கிறது. தேய்மானம் பெரும்பாலும் ஐடிலுக்குச் சற்று மேலும் சீரான வேகத்தில் ஓட்டும் திறப்பிலும்தான் இருக்கும். கால் அங்கேயேதான் நாள்தோறும் நிற்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் எண்கள் மெதுவாக மாறுவதால் இந்தக் கண நேர இழப்பை அது காட்டாமல் விட்டுவிடும். முள் உள்ள பழைய அனலாக் மீட்டர் இந்த ஒரு வேலையில் அதைவிடச் சிறந்தது.

குளிர்ந்த எஞ்சினில் ஒன்றும் தெரியாவிட்டால், லாக் ஓடிக்கொண்டிருக்கும்போதே சென்சாரை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டியும், முடி உலர்த்தியால் சூடாக்கியும், வயர்க்கட்டை அங்கங்கே அசைத்தும் பாருங்கள். தட்டும்போது குதித்தால் சென்சார்; வயரை அசைக்கும்போது குதித்தால் வயரோடு அழுத்திப் பிணைத்த (கிரிம்ப்) கனெக்டர் பின்தான் காரணம்.

ஆறாம் படி: எர்த்

ஆஃப்டர்மார்க்கெட் ஈசியூ பொருத்திய வண்டிகளில் நான் கண்ட வினோதமான த்ராட்டில் கோளாறுகளில் பாதிக்கு மேல் எர்த்தில்தான் முடிந்திருக்கின்றன. என் சொந்த எஞ்சினில் ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கியதும் ஐடில் ஏறிவிடும். ஃபேன் நின்றதும் இறங்கும். மூன்று முறை கேலிபரேஷனை மாற்றினேன், ஐடில் வால்வைக் கழற்றிக் கழுவினேன். கடைசியில் லாக்கில் பேட்டரி வோல்ட்டையும் த்ராட்டிலின் மூல எண்ணையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது: ஃபேன் ஓடும் அதே கணத்தில் த்ராட்டில் இரண்டு சதவீதம் திறப்பதாக எண் சொன்னது. சென்சாரின் எர்த்தை ஈசியூவுக்குக் கொண்டுபோகாமல், பக்கத்தில் வசதியாக இருந்த இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட்டில் நானே இறுக்கியிருந்தேன்.

காரணம் எளிது. ஈசியூ சிக்னலைத் தன் எர்த்தோடு ஒப்பிட்டு அளக்கிறது. எஞ்சின் பிளாக்குக்கும் ஈசியூவின் எர்த்துக்கும் இடையே 0.1 வோல்ட் வேறுபாடு வந்தாலே, மூடிய நிலையில் அது இரண்டு சதவீதத் திறப்பைவிட அதிகமாகத் தெரியும். ஆகவே சென்சார் எர்த் ஈசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கே தனி வயராகப் போக வேண்டும். இன்ஜெக்டர், காயில் ஆகியவற்றின் எர்த்தோடு வழியில் எங்கும் சேரக் கூடாது. எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட், ஃபேன் எல்லாம் இயங்கும் நிலையில், சென்சாரின் எர்த் பின்னுக்கும் ஈசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கும் இடையே மில்லிவோல்ட் அளவில் அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட் பரவாயில்லை. 40ஐ எட்டினால் ஒரு சதவீதத்தை இழந்துவிட்டீர்கள்.

துருப்பிடித்த கனெக்டர் பின் எந்த வயரில் உள்ளது என்பதையும் இதே வழியில் ஊகிக்கலாம். 5 கிலோ ஓம் தடத்தில் 1 மில்லியாம்பியர் ஓடுகிறது. எர்த் பின்னில் 100 ஓம் கூடினால் மூடிய நிலையின் அளவு உயரும். 5 வோல்ட் பின்னில் கூடினால் முழுத் திறப்பின் அளவு குறையும். சிக்னல் வயரில் கூடினால் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது, ஏனெனில் அதில் மின்சாரம் ஓடுவதே அரிது.

சென்சாருக்குத் தனி 5 வோல்ட் ரெகுலேட்டர் வைத்துக் கொடுப்பதும் தவறு. ஈசியூ கொடுக்கும் 5 வோல்ட் சற்று ஏறி இறங்கினாலும், அளக்கும் மாற்றி அதே வோல்ட்டை அளவுகோலாகக் கொண்டிருந்தால் பிழை தானே நீங்கிவிடும். தனி ரெகுலேட்டர் வைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஏழாம் படி: இரைச்சல்

எஞ்சின் நிற்கும்போது எண் அசையாமல் இருந்து, ஓடும்போது மட்டும் நடுங்கினால் அது மின் இரைச்சல். இது ஏன் பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் வேகத்தை விநாடிக்கு இத்தனை சதவீதம் என்று ஈசியூ கணக்கிட்டு, அது வரம்பைத் தாண்டினால் பெட்ரோலைக் கூட்டுகிறது. 10 மில்லிவிநாடிக்குள் எண் ஒரு சதவீதம் குதித்தால், கணக்குப்படி அது விநாடிக்கு 100 சதவீதம். யாரோ காலை ஓங்கி மிதித்துவிட்டதாக ஈசியூ எண்ணிக்கொள்ளும். சீரான வேகத்தில் போகும்போது கலவை காரணமின்றி அடர்ந்து அடர்ந்து மெலிவது இதனால்தான்.

சிக்னல் வயரை ஸ்பார்க் பிளக் வயர்களிலிருந்தும் காயிலிலிருந்தும் விலக்கி இழுங்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக்குகளையே பயன்படுத்துங்கள். ஷீல்டு வயர் போட்டால் ஷீல்டை ஈசியூ முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரு முனையிலும் செய்தால் ஷீல்டே எர்த் வயராகிவிடும். மென்பொருளில் உள்ள வடிகட்டியை இவற்றுக்கெல்லாம் பிறகே தொட வேண்டும். மெகாஸ்குவர்ட்டில் 100 என்றால் வடிகட்டல் இல்லை, எண் குறையக் குறைய வடிகட்டல் கூடும். அதிகமாக வடிகட்டினால் நடுக்கம் மறையும், கூடவே நிஜமாக மிதிக்கும்போது வர வேண்டிய பெட்ரோலும் தாமதமாகும்.

எட்டாம் படி: பொருத்தமும் கேலிபரேஷனும்

கேலிபரேஷனுக்கு முன் சென்சாரின் இரு ஸ்க்ரூக்களும் இறுகியிருக்கின்றனவா, தகடு தன் நிறுத்தும் ஸ்க்ரூவில் வந்து உட்காருகிறதா, கேபிளில் சிறு தளர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்சார் தன் உள் எல்லையில் முட்டி நிற்கக் கூடாது. முட்டினால் தகடு அசைந்தும் எண் அசையாத இடம் ஒன்று உண்டாகும்.

கேலிபரேஷனை எஞ்சின் அறையில் நின்று கையால் தகட்டைத் திருப்பிச் செய்யாமல், இருக்கையில் அமர்ந்து பெடலை மிதித்தே செய்யுங்கள். கேபிள் சரியில்லாவிட்டால் பெடல் தரையைத் தொட்டும் தகடு முழுதாகத் திறக்காது. அந்தக் குறை கையால் திருப்பினால் தெரியாது. லேப்டாப்பின் யூஎஸ்பி மின்சாரத்தில் மட்டும் ஈசியூ இயங்கும்போதும் செய்ய வேண்டாம். சாவியைப் போட்டு, பேட்டரி மின்சாரத்தில் செய்யுங்கள். மூடிய அளவைப் பதிந்த பின் பெடலை ஐந்தாறு முறை ஓங்கி மிதித்து விட்டு, எண் அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் ஒட்டிக்கொள்ளும் கேபிளையோ தேய்ந்த தண்டையோ கவனிக்க வேண்டும்.

பிறகு எஞ்சினை ஓட விட்டு, ஐடிலில் எண் மீண்டும் பார்க்கப்பட வேண்டும். தேய்ந்த தண்டு உள்ள த்ராட்டிலில் வெற்றிடம் தகட்டை இழுத்து அரை சதவீதம் மாற்றிவிடும். ஐடில் கட்டுப்பாடும், மலை இறங்கும்போது பெட்ரோலை நிறுத்தும் வசதியும் த்ராட்டில் குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் செயல்படும். வரம்பு 1 என்று வைத்து, எண் 1.5இல் நின்றால் இரண்டும் தொடங்கவே தொடங்கா. சென்சாரைக் குறை சொல்லாமல் வரம்பை நிற்கும் அளவுக்கு ஒன்றரை அல்லது இரண்டு சதவீதம் மேலே வையுங்கள்.

இந்தத் துல்லியம் எவ்வளவு தேவை என்பது உங்கள் எரிபொருள் கணக்கைப் பொறுத்தது. மேப் சென்சாரை வைத்துக் கணக்கிடும் ஸ்பீடு டென்சிட்டி முறையில் ஒரு சதவீதப் பிழை பெரும்பாலும் தெரியாது. த்ராட்டிலையே சுமையாகக் கொள்ளும் ஆல்ஃபா-என் முறையில், அதிலும் சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் உள்ள எஞ்சினில், சிறு திறப்பில் அதே ஒரு சதவீதம் கலவையைக் கெடுத்துவிடும். அங்கே சென்சாரைக் கழற்றி மாட்டினாலே கேலிபரேஷனைத் திரும்பச் செய்ய வேண்டும்.

எலெக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள எஞ்சின்களில் மேலே சொன்ன ஓம் சோதனை பல வேளைகளில் பொருந்தாது. உள்ளே ஹால் வகை (காந்தப்புலத்தை உணரும்) சென்சார் இருந்தால் ஓம் மீட்டர் பொருளற்ற எண்ணைக் காட்டும். இரண்டு சிக்னல்கள் இருக்கும். ஒன்று ஏற மற்றது இறங்கலாம், அல்லது இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஏறலாம். இரண்டின் பொருத்தத்தை ஈசியூ இடைவிடாது சரிபார்ப்பதால், அந்தப் பிழை வரும்போது அனுமதி வரம்பை அகலமாக்கி அதை மறைக்காதீர்கள். அது எஞ்சின் தானாகச் சீறுவதைத் தடுக்கும் காவல். சாவி ஆன் நிலையில் அந்தத் தகட்டுக்குள் விரலை நுழைக்கவும் கூடாது.

எல்லாம் முடிந்ததும் த்ராட்டில் சதவீதம், மூல எண், மாறும் வேகம், கூட்டப்படும் பெட்ரோல், பேட்டரி வோல்ட், ஆர்பிஎம் ஆகியவற்றைச் சேர்த்து இருபது நிமிட ஓட்டத்தின் லாக் ஒன்றை எடுத்து வையுங்கள். காலை அசைக்காத பகுதிகளில் மூல எண் இரண்டு மூன்று எண்களுக்கு மேல் ஆடாமல், கூட்டப்படும் பெட்ரோல் முழுதும் 0ஆக இருந்தால் வேலை முடிந்தது. அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து எஞ்சின் திணறும்போது ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நாளின் பதிவு ஒன்று கையில் இருக்கும்.